தவிற்காரரின் காதுக்கு வந்த ஹெட்போன்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களிலும் கோவில் கொடைகளில் முழங்கும் நையாண்டி மேளம் வெட்டவெளிக்கென்றே உருவான இசையாகும். நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு, கிடுகட்டி, தாளம் ஆகியவை சேர்ந்த இக்குழுவினர் அருகருகே நின்று, ஒருவர் கையை மற்றவர் பார்த்தும் ஒருவர் அடியை மற்றவர் கேட்டும் காலப்பிரமாணத்தை, அதாவது இசை நகரும் வேகத்தை, தமக்குள் காத்துக்கொண்டனர்; கரகாட்டக்காரரின் கால் விரைந்தால் மேளமும் விரைந்தது. வாசிக்கும் எவரும் தம் காதை அடைத்துக்கொள்ள வேண்டிய தேவை அங்கு எழவில்லை. அத்தேவையை உண்டாக்கியது ஒலிப்பதிவுக் கூடமே.

தமிழ்த் திரையில் பின்னணிப் பாடல் முறை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ (1938) படத்தின் வழியே தொடங்கிய பின்னும், பல்லாண்டுகள் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் இசைத்தே பாட்டைப் பதிந்தனர். ஓசை மிகுந்த கருவியை மைக்கிலிருந்து தள்ளி உட்காரவைப்பதே அக்கால ஒலிப்பதிவாளரின் முதன்மையான உத்தி. தள்ளிவைத்தும் அடங்காதவை நாதஸ்வரமும் தவிலும். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்துக்காகத் தனித்தனியே பதிவாகிப் பின்னர் இணைக்கப்பட்டன என்பது இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். எதிரில் இல்லாத ஒருவரின் இசையைக் காதில் கேட்டுக்கொண்டே தன் பங்கைப் பாடுவதோ வாசிப்பதோ கலைஞருக்குரிய தனித் திறனாக அப்போதே உருவெடுக்கத் தொடங்கியது.

அத்திறனை அன்றாடத் தேவையாக்கியவை, ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பதியும் பல தடப் பதிவும் ‘கிளிக்’ ஒலியும். கிளிக் என்பது காலப்பிரமாணத்தைக் காட்ட இடைவிடாமல் ஒலிக்கும் இயந்திரச் சொடக்கு. 1920களின் இறுதியில் டிஸ்னி நிறுவனத்தின் கேலிச்சித்திரப் படங்களில் காட்சியோடு இசையைப் பொருத்துவதற்காக இம்முறை வளர்க்கப்பட்டது. சென்னையில் இளையராஜா பெருங்குழுவை ஒரே கூடத்தில் அமர்த்திப் பதிவுசெய்துவந்த காலத்திலேயே, 1989இல் ஏ.ஆர். ரகுமான் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் போன்ற கூடங்களில் கலைஞர்கள் ஒவ்வொருவராக வந்து கிளிக்கைக் கேட்டு வாசித்துச் செல்லும் முறை வேரூன்றியது. தாளக்காரரின் கை இருந்த இடத்தில் இப்போது ஹெட்போன் இருந்தது.

காதில் மாட்டும் ஒலிக்கருவி அதற்குள் நெடுந்தொலைவு வந்திருந்தது. 1910இல் நத்தானியேல் பால்டுவின் அமெரிக்கக் கடற்படைக்குச் செய்து கொடுத்தவை செய்தி கேட்பதற்கானவை; 1937இல் ஜெர்மனியின் பேயர் (இன்றைய பேயர்டைனமிக்) நிறுவனம் வெளியிட்ட டிடி 48, காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்கும் டைனமிக் வகையின் தொடக்கம். 1968இல் சென்ஹைசர் எச்டி 414, பின்புறம் திறந்த அமைப்பைப் பரவலாக்கியது. திறந்த வகை இயல்பான ஒலியைத் தரும். ஆனால் காதில் அமரும் கிண்ணத்தின் பின்வழியே கிளிக் கசிந்து முன்னிருக்கும் மைக்கில் பதிந்துவிடும். அமைதியான இசைப்பகுதியில் இந்தக் கசிவு பின்னர் நீக்கவே முடியாத கறையாகும். ஆகவே வாசிப்போருக்கென்று, பின்புறம் அடைத்த மூடிய வகையே நிலைத்தது.

மூடிய வகைக்குள்ளும் தேர்வு எளிதன்று. டிரம்ஸ் கலைஞரும் ஒலிப்பதிவாளரும் ஹெட்போனிடம் எதிர்பார்ப்பவை வேறு. ஒலிப்பதிவாளருக்கு வேண்டியது மிகையோ குறையோ இன்றி ஒலியைக் காட்டும் நேர்மை; 1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506 பதிவுக் கூடங்களில் நீடித்ததற்கு, சிறு இரைச்சலையும் பிழையையும் அது காட்டிக்கொடுப்பது முதற்காரணம். தாளக் கருவி வாசிப்பவருக்கோ வெளியோசையைத் தடுப்பதே முதன்மையானது. தடுப்பு போதாவிட்டால் அவர் கிளிக்கின் ஓசையைக் கூட்டுவார், கூட்டிய ஓசை மைக்கிலும் கசியும், காதையும் கெடுக்கும். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்றும் ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும் என்றும் வகுத்துள்ளது. அக்கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடமே மிஞ்சும். இதை எண்ணியே பாஸ்டன் சிம்பொனியின் டிம்பனிக் கலைஞர் விக் ஃபர்த்தின் நிறுவனம், காது காக்கும் தொழிற்சாலைக் கவசத்தைப் போன்ற ஹெட்போனைச் சுமார் 24 டெசிபல் தடுப்போடு விற்றது. அதன் ஒலித்தரம் சுமாரே ஆயினும் டிரம்ஸ் கலைஞர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

எந்தக் கிண்ணமும் கீச்சொலியைத் தடுக்குமளவுக்குக் கனத்த ஒலியைத் தடுப்பதில்லை என்பதைத் தவில் நன்கு காட்டும். விரற்கூடு அணிந்த வலக்கை வலந்தலையில் எழுப்பும் கூரிய ஓசை பெரிதும் அடங்கினாலும், கழியால் அடிக்கும் இடப்பக்கமான தொப்பியின் ஆழ்ந்த முழக்கம் உள்ளே வந்துவிடும். எனவே தவிற்காரருக்கான கிளிக்கைத் தொப்பியின் கனத்தோடு கலவாத கீச்சொலியாக அமைப்பது, விலைமிகுந்த ஹெட்போனைத் தேடுவதைவிடப் பயன் தரும்.

உடல் சார்ந்த சிறு பொருத்தங்களும் உண்டு. மரபு வழித் தவில் வித்துவானின் கடுக்கன், காதின் மேல் அமரும் சிறு கிண்ணத்தில் அழுந்தி நோகும். காதை முழுதும் சூழும் கிண்ணமே அவருக்கு ஏற்றது. மூக்குக் கண்ணாடியின் காம்பு கிண்ணத்தின் மெத்தையைத் தூக்கி இடைவெளி உண்டாக்கும். கரிசல் பூமியின் வெயிலில் தோல் போன்ற மெத்தை வியர்வையால் உரிந்துபோகும்; துணி மெத்தை குளுமையாயினும் சற்றே கசியவிடும். ஹெட்போனின் மின்தடையும் பார்க்கத்தக்கது: பேயர்டைனமிக் டிடி 770 ஹெட்போன் 32, 80, 250 ஓம் என மூன்று தடைகளில் கிடைக்கிறது; 250 ஓம் உள்ளது வலிய ஆம்ப்ளிஃபையரின்றி முனகலாகவே கேட்கும் என்பதால், மடிக்கணினியை வைத்து ஒரே அறையில் இயங்கும் சிறு கூடங்களுக்கு முதலிரண்டே உதவும்.

திறந்தவெளியில் பழகிய மேளக்காரர் பதிவின்போது ஒரு காதின் கிண்ணத்தை விலக்கிவிட்டுத் தம் கருவியை நேரே கேட்க விரும்புவதுண்டு. அவரைத் திருத்த முயல்வதைவிட, விலக்கிய பக்கத்துக்குச் செல்லும் ஒலியை மிக்சரில் நிறுத்திவிட்டு மறுபக்கத்துக்கு மட்டும் கிளிக்கை அனுப்புவதே நல்ல ஒலிப்பதிவாளரின் வழக்கம்.