பவுன் காசும் பஞ்ச காலமும்

தங்கம் விலை ஏற ஏற, நம் குடியிருப்பில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "பேங்க் கவிழ்ந்தால், ரூபாய்க்கே மதிப்பு போய்விட்டால் என்ன செய்வது? டெபாசிட்டை எடுத்துத் தங்கக் காசாக வாங்கி வைத்துவிடலாமா?" நம் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே எழுந்த கேள்விதான் இது. அவர்களுக்கு அனுபவமே பதிலும் சொன்னது.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'பவுன்', 'சவரன்' இரண்டும் ஆங்கிலேயரின் தங்க நாணயத்தின் பெயரிலிருந்து வந்தவை. 7.988 கிராம் எடை, 22 காரட். 1899 முதல் இந்தியாவில் அது 15 ரூபாய்க்குச் செல்லுபடியானது. 1918ல் பம்பாயிலேயே அச்சடித்தார்கள். இன்றும் நாம் 8 கிராமை ஒரு பவுன் என்பது அந்தக் காசை வைத்துத்தான்.

1906 அக்டோபர் 22 அன்று மதராஸில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. வெள்ளைக்காரர் நடத்திய கம்பெனி என்று நம்பிப் பணம் போட்டிருந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. பணமோ முழுதாகத் திரும்பவில்லை. வீட்டில் பவுனாக வைத்திருந்தவருக்கு அன்று நஷ்டமில்லை. ஆனால் ஊர் அத்துடன் வங்கியை வெறுத்துவிடவில்லை. வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முயன்று, 1907 ஆகஸ்ட் 15ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

அடுத்த சோதனை 1930களில் வந்தது. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியானது. நிலவரியும் கடன் வட்டியும் மட்டும் குறையவில்லை. இரண்டையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். 1931 செப்டம்பர் 21ல் பிரிட்டன் தங்க மதிப்பிலிருந்து விலகியது. ரூபாய் ஸ்டெர்லிங்குடன் கட்டப்பட்டிருந்ததால் இங்கும் தங்கம் விலை ஏறியது. தோலா 21 ரூபாய் சொச்சத்திலிருந்து 30 ரூபாயைத் தாண்டியது. கிராமத்துப் பெட்டிகளிலிருந்த காசும் நகையும் வெளியே வந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 300 கோடி ரூபாய்க்கு மேல் தங்கம் இந்தியாவை விட்டுக் கப்பலேறியது. 'நெருக்கடித் தங்கம்' என்றே அதற்குப் பெயர்.

தங்கம் அன்று தன் வேலையைச் செய்தது; பலர் நிலம் ஏலத்துக்குப் போகாமல் தப்பியது அதனால்தான். ஆனால் கடன்காரர் வாசலில் நிற்க விற்றவர், அன்றைய விலைக்கே விற்க வேண்டியிருந்தது. கடனில்லாமல் கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்திருந்தவர் பொறுத்திருந்தார். 1947ல் தோலா 100 ரூபாயை ஒட்டி விற்றது.

மூன்றாவது சோதனை அரசிடமிருந்தே வந்தது. சீனப் போருக்குப் பின், 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். புதிய நகை 14 காரட்டுக்கு மேல் கூடாது என்றார்கள். தட்டார் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. 1968 சட்டப்படி தனியார் தங்கக் கட்டி வைத்திருப்பதே குற்றம். 1990ல்தான் அது நீங்கியது. அமெரிக்காவிலும் 1933ல் ரூஸ்வெல்ட் மக்களிடமிருந்த தங்கக் காசுகளை, சில விலக்குகளோடு, ஒப்படைக்கச் சொன்னார்.

ஆக, வங்கி விழுந்தபோது தங்கம் காத்தது. விளைபொருள் விலை விழுந்தபோது கடனில்லாதவரையே நன்றாகக் காத்தது. சட்டம் மாறியபோது தங்கமே சிக்கலானது.

வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சில விவரங்கள் சொல்கிறேன். இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு. 1906ல் அது கிடையாது. காசு வாங்கும்போது 3 சதவீத ஜிஎஸ்டி போகும். வங்கி விற்ற காசை வங்கி திரும்ப வாங்காது. காசின் மேல் நகைக்கடன் ஒருவருக்கு 50 கிராம் வரைதான். லாக்கரில் திருட்டோ தீயோ நேர்ந்தாலும், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான்.

நம் ஆர்.கே.பேட்டை நெசவு ஊர். தறி ஓடாத மாதத்தில் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனவே முதலில் கடனை அடையுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் வையுங்கள். அதன் பிறகு மிஞ்சுவதில் ஹால்மார்க் உள்ள காசாக வாங்கி, ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் இன்னொருவருக்காவது சொல்லி வையுங்கள்.