பச்சோந்தி

‘பச்சை’ என்னும் நிறப்பெயரும், ஓணான் இனத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லாகிய ‘ஓந்தி’யும் புணர்ந்து பிறந்தது ‘பச்சோந்தி’. நிலைமொழி ஈற்றின் ஐகாரம் கெட, எஞ்சிய மெய்யின்மேல் ஓகாரம் ஏறி நிற்கிறது. வறண்ட நிலத்துப் புதர்களிலும் வேலமரங்களிலும் வாழும் இவ்வுயிர், சூழலோடு கலந்து பகைவர் கண்ணுக்குத் தப்புவதை அறிவியலார் உருமறைப்பு, அதாவது உருவை மறைத்துக்கொள்ளுதல், என்பர். அண்டிய நிறத்தையெல்லாம் இது பூசிக்கொள்ளும் என்று பலரும் நம்பினாலும், இயல்பான பச்சையும், பக்கவாட்டில் தட்டையான உடலும், குறடுபோல் பிரிந்த விரல்களால் கிளையைப் பற்றி, காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் அசைந்தபடி அடியெடுத்து வைக்கும் நடையுமே அதனைப் பெரிதும் மறைக்கின்றன. தோலின் நிறம் மாறுவதோ பெரும்பாலும் வெப்பம், ஒளி, அச்சம், சினம் ஆகியவற்றாலேயே. ஆகவே, கொள்கை மாறுவோரைப் ‘பச்சோந்தி’ எனப் பழிக்கும் வழக்கு இவ்வுயிருக்கு இழைக்கப்படும் அநீதியே ஆகும். மனிதர் கையாளும் உருமறைப்புக்குக் ‘காக்கி’ என்னும் சொல் சான்று: பாரசீகத்தில் ‘காக்’ என்பது மண்ணையும் புழுதியையும் குறிக்கும்; 1846இல் பெஷாவரில் திரட்டப்பட்ட வழிகாட்டிப் படை புழுதி நிறச் சீருடையை மேற்கொண்ட பின்னர், அச்சொல் படைவழக்கில் பரவித் தமிழகக் காவலர் உடைக்கும் பெயராயிற்று.