ஓலையில் இல்லாத இடைவெளி: தமிழில் சொல் தேடிய கதை

ரெண்டு சொல்லுக்கு நடுவுல நாம விடுற இடைவெளிக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப்போறோம்.

நான் இருக்கிற ஊர் சுங்குவார்சத்திரம். இந்தப் பேரைச் சேர்த்து எழுதுறவங்க உண்டு, ‘சுங்குவார் சத்திரம்’னு பிரிச்சு எழுதுறவங்க உண்டு, நடுவுல ‘ச்’ போடுறவங்களும் உண்டு. நமக்கு மூணும் ஒரே ஊர். டேட்டாபேஸுக்கு மூணும் வேற வேற.

காரணம் இதுதான். டேட்டாபேஸ் ஒவ்வொரு தடவையும் எல்லாப் பதிவையும் படிச்சுத் தேடாது. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி ஒன்றை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும். அதுக்கு முதல் வேலை, எழுத்துத் தொடரைச் சொல் சொல்லா வெட்டுறது.

நம்ம ஆட்கள் இந்த வேலையை கம்ப்யூட்டருக்கு முன்னாடியே செஞ்சவங்க. ஓலைச்சுவடியில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது, புள்ளியும் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர், எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று வரிக்கு வரி முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1950களில் மர்ரே ராஜம் பதிப்புகள் சந்தி பிரித்தே பழைய நூல்களை வெளியிட்டன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை, பழந்தமிழ் இலக்கியத்துக்கு மூன்று தொகுதிகளில் சொல்லடைவு கொண்டுவந்தது. சொல்லைக் கொடுத்தால் அது வரும் இடத்தைக் காட்டும். தேடுபொறி செய்யறதும் அதேதானே!

அப்புறம் யூனிகோடு வந்தது. ‘சத்திரம்’ நம்ம கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 8 குறியீடு. புள்ளிக்குத் தனிக் குறியீடு. புள்ளியை எழுத்தாக எண்ணாத மென்பொருள் அங்கேயே வெட்டி, ‘சத’, ‘திரம’ என்று இரண்டு துண்டாக்கிவிடும்.

தாய்லாந்து மொழியில இன்னைக்கும் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடறதில்லை. அதனால அங்க அகராதியை வெச்சு வெட்டுறாங்க. தமிழ்ல இடைவெளி இருக்கு, அதை நம்பி இங்கிலீஷ் மாதிரியே வெட்டிடலாம்னு தோணும். ஆனா ‘சத்திரத்தில்’னு எழுதினா, ‘சத்திரம்’னு தேடுறவருக்கு அது கிடைக்காது. வேற்றுமை உருபைக் கழற்றணும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் தமிழுக்கு அந்த வசதி 2019இல்தான் சேர்ந்தது. சேர்த்து எழுதின பேரைப் பிரிக்கிற வேலையை அதுவும் செய்யாது.

இங்க சுத்தி எத்தனையோ தொழிற்சாலை. பல மொழிக்காரங்க பேரும் விலாசமும் தினமும் பதிவாகுது. கவுண்ட்டர்ல ஒருத்தர் தேடிப் பார்த்துட்டு, “உங்க பேர் இல்லைங்க”ன்னு சொன்னா, வந்தவர் நம்பித் திரும்பிப் போயிடுவார். பேர் உள்ளேயே இருக்கலாம், வேற இடத்துல வெட்டுப்பட்டிருக்கலாம்.

அப்படி நடந்தா, பேரைப் பிரிச்சு ஒரு தடவை, சேர்த்து ஒரு தடவை, முதல் நாலு எழுத்தை மட்டும் போட்டு ஒரு தடவை தேடச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் வரலேன்னாதான் ‘இல்லை’ங்கிற பேச்சு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.