கேட்டுக் கட்டிய வீடுகள்

சுவிற்சர்லாந்தின் லுசேர்ண் ஷோன்பூலில் பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ வரைந்த அடுக்குமாடி 1960களின் பிற்பகுதியில் எழுந்தது. அதன் அறைகள் விசிறிபோல விரிந்து வெயிலையும் வெளிச்சத்தையும் தேடுகின்றன. அதே தலைமுறையில் இலங்கைப் புறநகர்களில் எழுந்த வீடுகளுக்கு வேலை நேர்மாறு: வெயிலை வாசலோடு நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடவேண்டும்.

அதைத் துணிவோடு தொடங்கியவர் மினெற் டி சில்வா. 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கண்டியில் 1951இல் முடிந்த கருணாரத்ன வீட்டில், மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் சரிவோடு தளங்களை ஏற்றி இறக்கினார். கொங்கிறீற்றும் கண்ணாடிக் கற்களும் இருந்த அதே வீட்டில் தும்பறைப் பாய்ப் பின்னலும் ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் இடம்பிடித்தன.

பத்தாண்டு கழித்து, ஈனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கட்டிய வீடு (1960–62) முற்றத்தைச் சுற்றியே அமைந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய காலம் அது. உள்ளூர் ஓடும் மரமும் கல்லும் கைகொடுத்தன. உலகம் இந்தப் பாணியை வெப்பவலய நவீனத்துவம் என்று கொண்டாடுகிறது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நடுமுற்றமும் சுற்றுவிறாந்தையும் தாழ்ந்த கூரை இறக்கமும் பழகிய சங்கதிகள்தாம். பாவாவின் தொழிற்பங்காளியாகப் பின்னர் அமைந்தவரும் ஒரு தமிழ்ப் பொறியியலாளரே: பூலோகசுந்தரம்.

ஆனால் இவை வசதியுள்ளவர்களின் வீடுகள். என் கணிப்பில் இவற்றைவிடப் பெரிய காரியம் கண்டியின் வட்டபுலுவ வீடமைப்புத் திட்டம். அரசாங்க உத்தியோகத்தருக்காக 1950களின் பிற்பகுதியில் மினெற் அதை வரைந்தார். குடிவரப்போகும் குடும்பங்களிடமே முதலில் விசாரித்தார்: எத்தனை பேர், எப்படிச் சமையல், விருந்தினர் எங்கே இருப்பார்கள், பெண்களுக்கு மறைவு வேண்டுமா? சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று தேவைகள் வேறுபட்டன; அதற்கேற்ப வீட்டு வகைகளும் பலவாயின. நின்ற மரங்களைக் கூடியவரை விட்டுவைத்தார். லுசேர்ணில் 1924இல் தொடங்கிய ஏ.பி.எல். வீடமைப்புக் கூட்டுறவில் பங்குப்பணம் கட்டி உறுப்பினராகக் குடியிருப்பவர்களுக்கு வீட்டு விஷயத்தில் அபிப்பிராயம் கேட்கப்படுவது சாதாரணம். அன்றைய இலங்கையில், அதுவும் அரசாங்க உத்தியோகத்தர் வீடுகளில், அது அபூர்வம்.

தனிச் சிங்களச் சட்டம் வந்தது 1956இல். இனக்கலவரம் வெடித்தது 1958இல். தமிழ் உத்தியோகத்தருக்கு வேலையும் பதவி உயர்வும் சந்தேகமாகிக்கொண்டிருந்த அந்த வருடங்களில்தான், அவர்களையும் மற்றவர்களையும் ஒரே அயலில் இருத்தும் திட்டம் உருவானது. கட்டடக்கலை பற்றி எழுதுகிறவர்கள் கூரைக்கும் முற்றத்துக்கும் தரும் இடத்தில் பாதியாவது இதற்குத் தரலாம்.