ஒரே எண்ணமும் பொது எண்ணமும்

ஒரு சொல்லுக்கும் அதன் அண்டைச் சொல்லுக்கும் உள்ள இழையளவு வேறுபாட்டைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவோரை வேலையற்றவர் என்று உலகம் நகைப்பதுண்டு. நாமும் அந்த நகைப்புக்கு ஆளானவர்களே. ஆயினும் அத்தகைய வேறுபாடு ஒன்று தூக்குக் கயிற்றிலிருந்து ஓர் இளைஞரை மீட்டதை 1945ஆம் ஆண்டின் மகபூப் ஷா வழக்கில் காண்கிறோம்.

1943 ஆகஸ்டு மாதம், பிரிக்கப்படாத பஞ்சாபில் சிலர் சிந்து நதியில் படகேறி நாணல் அறுக்கச் சென்றனர். தம்முடைய நிலத்தில் அறுக்கலாகாது என்று கரையிலிருந்த ஒருவர் எச்சரித்தார், அவர்கள் பொருட்படுத்தவில்லை. கட்டுகளோடு திரும்புகையில் எச்சரித்தவரின் உறவினர் ஒருவர் மறித்து நாணலைக் கேட்டார். மறுத்ததும் கைகலப்பு மூண்டது. படகில் வந்தவர்களுள் ஒருவர் மூங்கிற்கழியால் திருப்பி அடிக்கவே, அடிபட்டவர் உதவி வேண்டிக் கூவினார். கூக்குரல் கேட்டு இருவர் துப்பாக்கிகளோடு ஓடி வந்தனர். ஒருவர் சுட்டதில் கழி பிடித்தவர் மாண்டார். மற்றவரான மகபூப் ஷா சுட்டதில் வேறொருவர் இலேசாகக் காயமுற்றார்.

கொன்றவர் தலைமறைவானார். அகப்பட்டவர் 19 வயது மகபூப் ஷா. அவருடைய குண்டு இறந்தவரைத் தொடவேயில்லை. எனினும் கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனை லாகூர் உயர் நீதிமன்றம் வரையில் நிலைத்தது.

அதற்கு இடமளித்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. அனைவருக்கும் பொதுவான எண்ணத்தை நிறைவேற்றும் பொருட்டுப் பலர் ஒரு குற்றம் புரிந்தால், ஒவ்வொருவரும் அதைத் தாமே தனியாகச் செய்தது போலப் பொறுப்பாவர் என்கிறது அது. 1860ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தில் 'பொது எண்ணம்' என்னும் தொடர் இல்லை; 1870இல்தான் சேர்க்கப்பட்டது. திருத்தியவர்கள் அதற்கு விளக்கம் எழுதி வைக்கவில்லை.

இப்பிரிவு அதற்கு முன்பே பிரிவி கவுன்சிலின் முன் வந்ததுண்டு. 1923இல் கல்கத்தாவின் சங்கரிதோலா அஞ்சலகத்தில் அஞ்சல் அலுவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். நான் வெளியில் நின்றவன் மட்டுமே என்றார் அகப்பட்ட பரேந்திர குமார் கோஷ். 1924இல் அவ்வாதத்தைத் தள்ளிய சம்னர் பிரபு, வாளா நிற்பதும் ஊழியமே என்னும் கருத்துக்குத் துணையாக மில்டனின் கவிதையை எடுத்தாண்டார். பார்வையிழந்த கவிஞர் தம் இறைவனை எண்ணி எழுதிய ஆறுதல், கொள்ளைக்குக் காவல் நின்றவருக்கு எதிரான சான்றாயிற்று. கவிதைக்கு நேரும் விதிகளுள் இதுவும் ஒன்று போலும்!

மகபூப் ஷாவின் மேல்முறையீட்டில் பிரிவி கவுன்சிலின் தீர்ப்பை வழங்கியவர், முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சர் மாதவன் நாயர். அவர் கவிதையின் துணையை நாடவில்லை. இரண்டு அடைமொழிகளைப் பிரித்துக் காட்டினார், அவ்வளவே. 'பொது எண்ணம்' வேறு, 'ஒரே எண்ணம்' வேறு. இருவர் உள்ளத்தில் தனித்தனியே ஒரே எண்ணம் எழலாம். அதனால் அது பொது எண்ணமாகிவிடாது. முன்னரே ஒரு திட்டம் இருந்திருக்க வேண்டும். அதன்படி இருவரும் இணைந்து செயற்பட்டிருக்க வேண்டும். இதற்கு நேர்ச்சான்று கிடைப்பது அரிது என்பதை அவர் மறுக்கவில்லை. நடத்தையிலிருந்தும் சூழ்நிலையிலிருந்தும் ஊகிக்கலாம். ஆனால் ஒன்றை மற்றொன்றாக மயங்கிவிடலாகாது என்றார். ஓடி வந்த இருவருக்கும் இருந்த எண்ணம் அடிபட்ட உறவினரை மீட்பது. கொல்வதென்று இருவரும் கூடி முடிவு செய்ததற்குச் சான்றில்லை. ஆகவே கொலைத் தீர்ப்பும் தூக்குத் தண்டனையும் நீக்கப்பட்டன.

மகபூப் ஷா மாசற்றவர் என்று நாம் வாதிடவில்லை. அவரும் சுட்டார், ஒருவரைக் காயப்படுத்தினார். அது வேறு குற்றச்சாட்டு. தாம் செய்ததற்குப் பொறுப்பேற்பது ஒன்று, பிறர் செய்ததற்காக உயிரைக் கொடுப்பது மற்றொன்று. இறந்தவரின் வீட்டாருக்கு இத்தீர்ப்பு ஆறுதல் அளித்திருக்காது. ஆனால் சுட்டவர் கிட்டாததால் கிட்டியவரைத் தூக்கிலிடுவது அவர்களுக்குச் செய்யும் நீதியாகுமா?

விடுதலைக்குப் பின் 1954இல் பாண்டுரங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் இதே வழியில் சென்றார். இரு எண்ணங்களுக்கும் இடையிலுள்ள தடுப்பு மிக மெல்லியதுதான். ஆயினும் அதைக் காணத் தவறினால் அநீதி விளையும் என்று அவர் எச்சரித்தார். 2024 ஜூலை முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. எனினும் 34ஆம் பிரிவின் சாரம் அதன் 3ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவில் தொடர்கிறது. கூட்டத்தோடு சேர்த்து ஒருவரைக் குற்றவாளியாக்கும் வழக்குகளில் 'ஒரே'வுக்கும் 'பொது'வுக்கும் இடையிலான கேள்வி இன்றும் எழுகிறது. அன்றாடப் பேச்சில் நாம் ஒன்றுக்கு மற்றொன்றைத் தயங்காமல் வழங்கும் சொற்கள்தாம் அவை.