சார்ள்ஸ்டன்: காதலர் உலாவரும் நகரின் சொல்லப்படாத காதல் கதை

அமெரிக்காவின் தென்பகுதியில் புதுமணத் தம்பதியர் பெரிதும் விரும்பிச் செல்லும் நகரங்களுள் ஒன்று தென் கரோலைனா மாநிலத்தின் சார்ள்ஸ்டன். ஆஷ்லி, கூப்பர் ஆகிய இரு ஆறுகளுக்கிடையே 1680 இல் நிலைகொண்ட துறைமுக நகரம் இது. கல் பதித்த ஒடுங்கிய வீதிகளிற் குதிரை வண்டிகள் மெல்ல நகரும். 'வானவில் வரிசை' என அழைக்கப்படும் பதின்மூன்று வண்ண வீடுகளின் முன் இணைகள் நின்று படம் எடுத்துக்கொள்வர். மாலையில் ஓக் மரங்கள் நிழல் பரப்பும் கடலோரப் பூங்காவில் அமர்ந்து, தொலைவிலுள்ள சம்டர் கோட்டையைப் பார்த்திருப்பர்.

இந்த எழில் தற்செயலாக எஞ்சியதன்று. பழைய நகர்ப்பகுதி முழுவதையும் பாதுகாக்கும் சட்டவிதியை அமெரிக்காவிலேயே முதன்முதலில் 1931 இல் இயற்றியது இந்நகரந்தான். ஆயினும் கட்டடங்களைக் காத்த நகரம், அவற்றைக் கட்டியவர்களைப் பற்றி நெடுங்காலம் வாய் திறக்கவில்லை.

இம்மாளிகைகளை எழுப்பிய செல்வம் நெல்வயல்களிலிருந்து வந்தது. அவ்வயல்களில் உழைத்தோர் ஆபிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட அடிமைகள். பழைய செங்கற்கள் சிலவற்றில் அவற்றை வார்த்த அடிமைகளின் விரற்பதிவுகளை இன்றும் காணலாம். சாமர்ஸ் வீதியில் 1859 இல் அமைந்த அடிமை ஏலக்கூடம் இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. அங்கு கணவன் ஒருவனுக்கும் மனைவி வேறொருவனுக்கும் விற்கப்படலாம். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை.

அந்த நகரில்தான் ரொபேட் ஸ்மோல்ஸ் என்ற இளைஞர் வாழ்ந்தார். 1839 இல் அடிமையாகப் பிறந்த அவர், துறைமுகத்தில் உழைத்துப் பெற்ற கூலியின் பெரும்பகுதி எசமானரையே சேர்ந்தது. 1856 இல், ஹோட்டலொன்றிற் பணிபுரிந்த ஹன்னா என்ற அடிமைப் பெண்ணை அவர் மணந்தார். மனைவியையும் மகளையும் மீட்க ஹன்னாவின் உரிமையாளர் கேட்ட விலை 800 டொலர். ஒரு தந்தை தன் குழந்தையைப் பணம் கொடுத்து வாங்கவேண்டியிருந்த காலம் அது.

1861 ஏப்ரல் 12 ஆம் திகதி சம்டர் கோட்டை மீது நடத்தப்பட்ட பீரங்கித் தாக்குதலுடன் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. ஸ்மோல்ஸ், தென்மாநிலப் படைக்குப் பணியாற்றிய 'பிளான்டர்' என்ற நீராவிக் கப்பலின் சுக்கான் பிடிப்பவரானார். 1862 மே 13 அதிகாலையில், வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையில் உறங்கிய வேளை, அவரும் சக அடிமைகளும் கப்பலைச் செலுத்திப் புறப்பட்டனர். வேறொரு துறையிற் காத்திருந்த ஹன்னாவும் பிள்ளைகளும் ஏனைய குடும்பத்தினரும் ஏறிக்கொண்டனர். கப்பலில் இருந்தோர் பதினாறு பேர்.

தலைவரின் வைக்கோற் தொப்பியை அணிந்து, அவரது தோரணையில் நின்ற ஸ்மோல்ஸ், ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் உரிய சங்கொலி எழுப்பினார். சம்டர் கோட்டைக் காவலரும் ஐயுறவில்லை. பீரங்கி எல்லையைத் தாண்டியதும் வெள்ளைத் துணி உயர்ந்தது. வடமாநிலக் கடற்படையிடம் கப்பல் ஒப்படைக்கப்பட்டது. 800 டொலர் கொடுக்காமலே அக்குடும்பம் விடுதலை பெற்றது.

பின்னாளில் ஸ்மோல்ஸ், தம்மை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே விலைக்கு வாங்கினார். 1874 இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். 1915 இல் காலமானார்.

அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்காகச் சார்ள்ஸ்டன் மாநகர சபை 2018 இல் மன்னிப்புக் கோரியது. ஆபிரிக்கர் கரையிறக்கப்பட்ட காட்ஸ்டன் துறையில் 2023 இல் அருங்காட்சியகமொன்று திறக்கப்பட்டது. இவை காலந்தாழ்ந்தவை எனினும் வரவேற்கத்தக்கவை.

கடலோரப் பூங்காவில் கைகோத்து அமரும் இணைகளுக்குப் போரின் முதல் வெடிச்சத்தம் பற்றி வழிகாட்டிகள் கூறுவர். அதற்கு மறு ஆண்டு, அதே நீர்ப்பரப்பில், தன் மனைவியை விடுதலைக்கு அழைத்துச் சென்ற மனிதனைப் பற்றியும் கூறவேண்டும். அந்நகரிற் காதலைத் தேடிச் செல்வோர் கேட்கவேண்டிய கதை அதுவே.