வேலியில் நிற்கும் வெட்சி

மலேசியாவின் மேரு ஊரில் எந்தத் தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) நுழைந்தாலும் ஏதாவதொரு வீட்டு வாசலில் சிவப்புக் கொத்துகளோடு இந்த வேலிச்செடி நிற்கும். செடி விற்பவர் ‘இக்ஸோரா’ என்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு அது இட்லிப்பூ. புறத்திணை படித்த மாணவருக்கோ அதன் மூத்த பெயரே தெரியும்: வெட்சி. பாடத்தில் வந்த வெட்சியும் வாசலில் நிற்கும் செடியும் ஒன்றுதான் என்று அவருக்கு யாராவது காட்டித் தர வேண்டும்.

பகைவரின் ஆநிரையைக் கவரப் புறப்பட்ட வீரர்கள் இந்தப் பூவைச் சூடினார்கள். பூவின் பெயரே அந்தப் போருக்கும் ஆகி வந்தது. தொல்காப்பியம் வெட்சித் திணையைக் குறிஞ்சிக்குப் புறன் என்று வகுத்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களிலும் குறிஞ்சியை அடுத்து வருவது வெட்சிதான். பொருத்தமான இடம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மலைச்சாரல், புதர்க்காடு என்று தானாக முளைக்கும் செடி இது. குறிஞ்சிக் கடவுளான முருகனின் மாலையிலும் அதற்கு இடம் உண்டு. செச்சை, தெச்சி என்றும் தமிழில் வழங்கும். மலையாளத்தில் தெச்சி, செத்தி.

அந்தச் ‘செத்தி’ கப்பலேறியது. மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் இரண்டாம் தொகுதி 1679இல் வெளிவந்தபோது, ‘ஷெட்டி’ என்ற பெயருடன் இதன் படமும் அதில் இருந்தது. 1753இல் லின்னேயஸ் ‘இக்ஸோரா காக்சினியா’ என்று பெயர் சூட்டினார். ‘காக்சினியா’ செந்நிறத்தைக் குறிக்கும். ‘இக்ஸோரா’ வேறு எதுவுமல்ல, போர்ச்சுக்கீசியர் வாயில் திரிந்த ‘ஈசுவரன்’. நாற்றுப்பண்ணையில் அந்நியமாக ஒலிக்கும் பெயருக்குள் நம் கோயில் பூசை இருக்கிறது.

பெயர் வைக்க மலாய்க்காரர்கள் பார்த்தது மொட்டைத்தான். விரியாத கொத்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கும். மெல்லிய நீண்ட குழல், நுனியில் நான்கு இதழ்களும் முறுக்கிக்கொண்டு கூர்மையாக நிற்கும். விரிந்த பிறகு நான்கும் சிலுவைபோல் பிரியும். குழலின் அடியில் ஒரு துளி தேன், பிள்ளைகள் உறிஞ்சுவதற்கென்றே வைத்ததுபோல. ‘ஜாரும்’ என்றால் ஊசி. எனவே செடிக்கு ‘ஜெஜாரும்’ என்று பெயர். ‘சியந்தான்’ என்றும் சொல்வார்கள். இந்தோனேசியாவில் அதுவே ‘அசோகா’. அசோக மரம் வேறு இனம் என்றாலும், செம்மஞ்சள் கொத்துகளின் சாயல் அந்தப் பெயரை இதற்கும் இழுத்து வந்திருக்க வேண்டும்.

வேலியில் நிற்பது கடல் கடந்து வந்த வகை, அல்லது அதன் கலப்பினம். ஆனால் இந்த மலாய்த் தீபகற்பத்துக்கும் சொந்த வெட்சிகள் உண்டு. காட்டில் மரநிழலில் வளரும் ‘இக்ஸோரா கஞ்செஸ்டா’ செம்மஞ்சளாகப் பூத்துப் பின் சிவக்கும். அதைக் காட்டு வெட்சி என்று தமிழில் அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.